சின்ன வயசு அம்மாவுக்குக் கவனம் நிக்கலையா, பொறுப்பு இல்லையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை ரெண்டு நாளா விடவே இல்ல. ஒரு பெரியம்மா எழுதியிருக்காங்க. "என் தங்கச்சி மகளுக்கு 20 ஆகப் போகுது, குழந்தைக்கு 8 மாசம். அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துடறா. சொன்னது காதுல ஏறல. குழந்தை சிணுங்கினாலும் போனைத்தான் பாத்துட்டு இருக்கா. நீங்க போன மாசம் பேசின கவனக்குறைவுப் பிரச்சினையா இது, இல்ல பொறுப்பில்லாத்தனமா?"

நம்ம வீடியோவைத் தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரிஞ்சிருக்கும். பொறுப்பு இல்லாம இருக்கறது வேற, கவனம் நிக்காம நழுவறது வேற. குழந்தைக்கு ஒண்ணுன்னா அந்தப் பொண்ணு பதறுறாளா, இல்லையா? பதறுறான்னா அக்கறை இருக்கு. அந்த அக்கறையைக் காரியமா மாத்தறதுலதான் எங்கேயோ சிக்குது.

நீங்க கேட்ட கவனக்குறைவுப் பிரச்சினைக்குப் பேர் ஏ.டி.எச்.டி., சின்ன வயசுலேருந்தே கவனம் ஒரு இடத்துல நிக்காம நழுவற நிலை. அதுதான்னு சொல்லணும்னா 12 வயசுக்கு முன்னாடியே அதுக்கான அடையாளங்கள் இருந்திருக்கணும். குழந்தை பிறந்த பிறகு புதுசா வந்த மறதின்னா வேற காரணத்தைத் தேடணும். ராத்திரி நாலு தடவை எழுந்து பால் கொடுக்கறவளுக்கு மறதி வராதா? ரத்தசோகை இருக்கான்னு பாத்தீங்களா? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வும் வெளியில இப்படித்தான் தெரியும். அழுதாத்தான் மனச்சோர்வுன்னு நினைக்காதீங்க. சும்மா போனை வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கறதும் அதுவா இருக்கலாம்.

சரி, சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்னு வெச்சுக்குவோம். ஸ்வீடன்ல 2007லேருந்து 2014 வரைக்கும் முதல் பிரசவம் ஆன பெண்களோட பதிவுகளை எடுத்துப் பாத்தாங்க. ஏ.டி.எச்.டி. இருக்கறவங்கள்ல 15.3 சதவீதம் பேர் 20 வயசுக்குள்ள அம்மா ஆகியிருந்தாங்க. மத்தவங்கள்ல 2.8 சதவீதம்தான். இதை அப்படியே தூக்கி நம்ம ஊர்ல வெச்சிடக் கூடாது. அங்க பெரும்பாலும் அவங்களா எடுக்கற முடிவு, இல்ல யோசிக்காம நடந்துடறது. இங்க எப்போ கல்யாணம்னு அந்தப் பொண்ணா முடிவு பண்றா? 9ஆம் வகுப்புல ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கும் ஒரு பொண்ணு. பையன்னா பெஞ்சு மேல ஏறிக் குதிப்பான், டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்புவாங்க. இவ சத்தமே போடாம பின்தங்குவா, யார் கண்ணுலயும் பட மாட்டா. மார்க் குறையும். "படிப்பு ஏறல, காலாகாலத்துல கட்டிக் கொடுத்துடலாம்"னு வீட்டுல பேச்சு வரும். பள்ளிக்கூடத்துல யாரும் பாக்காத பிரச்சினை, கல்யாணம் ஆகி குழந்தை வந்ததும் "பொறுப்பு இல்ல"ன்னு பேர் வாங்குது. எனக்கு ஆத்தாமையா இருக்கறது இதுதான்.

என்கிட்ட ஒரு பொண்ணு மாமியாரோட வந்தா. மாமியார் குறை சொல்லிட்டே இருக்காங்க, குழந்தை கிலுகிலுப்பையைக் கீழே போடுது, இவ எடுத்துக் கொடுக்கறா, அது மறுபடி போடுது. நாலாவது தடவை போன் மினுங்குச்சு, பார்வை அங்க போயிடுச்சு. குழந்தை கீழே கிடந்த கிலுகிலுப்பையைப் பாக்கல, அம்மா முகத்தையே பாத்துது. "ஆ"ன்னு ஒரு சத்தம் கொடுத்துது. இவ நிமிரல. இன்னொரு சத்தம். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிச்சு. 1970கள்ல எட்வர்ட் ட்ரானிக்னு ஒரு உளவியலாளர் செஞ்ச அசையாத முகப் பரிசோதனையைப் பத்திப் பேசினேனே, அம்மா முகத்தைக் கொஞ்ச நேரம் அசைக்காம வெச்சுக்கிட்டா குழந்தை கூப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் முகத்தைத் திருப்பிக்குமே, அதேதான். நான் திட்டல. "பாப்பா உன்னைக் கூப்பிட்டுது பாரு"ன்னு மட்டும் சொன்னேன். டக்குனு போனைக் கவுத்து வெச்சுட்டு அள்ளிக்கிட்டா. அன்பு இல்லாத கையா அது?

அந்த வீட்டுல என்ன பண்ணோம்னா, நினைவு வெச்சுக்க வேண்டியதை அவ தலையிலேருந்து எடுத்துச் சுவத்துல மாட்டினோம். வீட்டுல தினமும் கிழிக்கற காலண்டர் இருக்கும் இல்லையா? ஊசி போட வேண்டிய தேதித் தாள்லயே அவ புருஷன் பெருசா "தடுப்பூசி"ன்னு எழுதி வெச்சார். அதுக்கு ரெண்டு தாள் முன்னாடியும் எழுதினார். பெரியம்மா, உங்க வீட்டுக் குழந்தைக்கும் 9 மாசம் முடிஞ்சதும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வருது, இன்னைக்கே எழுதிடுங்க. பால் காய்ச்சறப்போ குழந்தையை வேற யாராவது வாங்கிக்குங்க. ஒரு நேரத்துல ஒரே வேலை சொல்லுங்க. குழந்தையோட விளையாடற பத்து நிமிஷம் போன் வேற ரூம்ல இருக்கட்டும், உங்க போனும் சேத்துத்தான்.

மாத்திரை வேணுமான்னு மனநல மருத்துவர்தான் சொல்லணும். தாய்ப்பால் கொடுக்கறான்னு மறக்காம அவர்கிட்ட சொல்லுங்க. கூட நீங்களோ உங்க தங்கச்சியோ போங்க, அவ அஞ்சாவது படிக்கறப்போ எப்படி இருந்தான்னு உங்களுக்குத்தானே தெரியும்.

இன்னொண்ணு. இந்தக் கேள்வியை அவளே கேட்டிருந்தா எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்திருக்கும். "எனக்கு ஏன் இப்படி நழுவுது?"ன்னு அவ வாயால கேக்கணும். அவளையே எழுதச் சொல்லுங்க, பேர் போட வேண்டாம். அதுவரைக்கும் மனசு கனமா இருந்தா அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்தான், தமிழ்லயே பேசலாம். நம்பரை அவகிட்ட கொடுத்துட்டு, அவ பேசி முடிக்கற வரைக்கும் குழந்தையை நீங்க வெச்சுக்குங்க.