குட்டிக்கரணத்துக்கு யார் அழுவார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் பாசத்துக்குரிய பகைவர்களே, முன்வரிசையில் மல்யுத்த வீரர் ஜான் மாக்ஸ்லி பனியனோடு வந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நடுவர் கையில் மணி இருக்கிறது. மல்யுத்தத்தில் மணி அடித்தால் சண்டை ஆரம்பம், பட்டிமன்றத்தில் மணி அடித்தால் ஆள் காலி. 2021 டிசம்பரில் ஏஇடபிள்யூ மல்யுத்த மேடையில் ஹேங்மேன் ஆடம் பேஜுக்கும் பிரையன் டேனியல்சனுக்கும் முழுசாக 60 நிமிடம் கொடுத்தார்கள். அவர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, ஆட்டம் சமனில் முடிந்தது. எனக்குப் பத்து நிமிடம்தான் தந்திருக்கிறீர்கள். பார்த்துப் போடுங்கள் ஐயா.

ஏஇடபிள்யூ ரசிகரைக் கட்டிப்போட்டிருப்பது வித்தையா, கதையா? இதுதான் இன்றைய வழக்கு. துணைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆல் எலீட் ரெஸ்லிங் என்பது 2019 ஜனவரி 1 அன்று தொடங்கிய அமெரிக்க மல்யுத்த நிறுவனம். முதலாளி டோனி கான். 2001-ல் டபிள்யூசிடபிள்யூ என்கிற மல்யுத்த நிறுவனத்தை எதிராளியே விலைக்கு வாங்கிப் போட்ட பிறகு, இன்று டபிள்யூடபிள்யூஇ என்று நாம் சொல்கிற அந்த ஒரு கடைதான் அங்கே பெரிய கடை. அதற்கு எதிரில் இவர்கள் இன்னொரு கடை போட்டார்கள்.

எனக்கு முன்னால் பேசிய வித்தை அணி அண்ணன் அடுக்கினார் பாருங்கள். வில் ஆஸ்ப்ரேயின் தாவல், கென்னி ஒமேகாவின் முழங்கால் அடி, யங் பக்ஸ் சகோதரர்களின் சூப்பர்கிக் உதை. "கதை வேண்டுமென்றால் டபிள்யூடபிள்யூஇ-யிலேயே மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, இங்கே வருகிறவன் சண்டை பார்க்கத்தான் வருகிறான்" என்று ஒரு போடு போட்டார். நல்ல போடுதான், நானே கை தட்டினேன். ஆனால் அண்ணன் இன்னும் டிரம்ப் கார்டு காலத்திலேயே நிற்கிறார் என்பது என் சந்தேகம்.

நாம் எல்லோரும் மல்யுத்த வீரர் படம் போட்ட அந்தக் கார்டில் வளர்ந்தவர்கள்தான். பள்ளிக்கூட இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து எடுப்போம். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ். எண் பெரிதாக இருந்தால் எதிராளியின் கார்டு நமக்கு. வித்தை அணியின் கட்சி அதேதான், பைசெப்ஸ் இருந்த கட்டத்தில் குட்டிக்கரணத்தை எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சாட்சிக்கு வருகிறேன். முதல் சாட்சி ஒரே வீட்டுக்காரர்கள்: கோடி ரோட்ஸ், டஸ்டின் ரோட்ஸ். பழைய பெரிய மல்யுத்த வீரர் டஸ்டி ரோட்ஸின் மகன்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் 16 வயசு வித்தியாசம். 2015 பிப்ரவரியில் டபிள்யூடபிள்யூஇ-யில் இருவரும் மோதினார்கள். அண்ணன் கோல்டஸ்ட், தம்பி ஸ்டார்டஸ்ட், இரண்டு பேர் முகத்திலும் சாயம். அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? அவையில் ஒரு கைகூட எழவில்லை, குறித்துக்கொள்ளுங்கள் நடுவரே.

2019 மே 25, லாஸ் வேகாஸ். ஏஇடபிள்யூவின் முதல் நிகழ்ச்சி, டபுள் ஆர் நத்திங். அதே அண்ணன், அதே தம்பி. அண்ணனுக்கு இப்போது 50 வயசு. நாலு வருஷத்தில் அவர் உடம்பில் புதிதாக என்ன வித்தை முளைத்திருக்கும்? முழங்கால் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். பட்டம்கூடப் பணயம் இல்லை. அண்ணன் வாழ்ந்த பழைய காலத்துக்கு முடிவு கட்ட வந்திருக்கிறேன் என்று தம்பி அறிவித்திருந்தார், அது போதுமானதாக இருந்தது. டஸ்டின் நெற்றி கிழிந்து, முகச்சாயம் எது, ரத்தம் எது என்று தெரியாமல் போனது. தோற்ற பிறகு அண்ணன் தளர்ந்துபோய்க் கிளம்பப் பார்க்கிறார். தம்பி நிறுத்தி, அடுத்த ஆட்டத்துக்குத் துணை வேண்டும் என்கிறார். கூட்டாளியாக வேண்டாம், அண்ணனாக வேண்டும் என்கிறார். கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதார்கள், அரங்கமும் சேர்ந்து அழுதது. ஆள் அதே ஆள், அடி அதே அடி. நடுவில் மாறியது எது என்று வித்தை அணி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

கோடி 2022-ல் பழைய கடைக்கே திரும்பிவிட்டாரே என்று எதிரணித் தங்கை முணுமுணுக்கிறார். ஆமாம்மா, போனார். அங்கே போய் என்ன சொன்னார்? கதையை முடிக்கப் போகிறேன் என்றுதான். அந்தக் கடையின் பெரிய திருவிழாவான ரெஸில்மேனியாவில் 2024-ல் முடித்தும் காட்டினார். பெயரிலேயே கோடி வைத்திருக்கிற மனிதரே கதை கதை என்று அலைகிறார், நாம் எம்மாத்திரம்?

அடுத்து சிஎம் பங்க். 2014 ஜனவரியில் மல்யுத்தத்தை விட்டுப் போனவர். 2021 ஆகஸ்ட் 20, சிகாகோ யுனைடெட் சென்டரில் ஏஇடபிள்யூ மேடைக்கு வந்தார். அங்கே வெள்ளி இரவு, நமக்குச் சனிக்கிழமை காலை ஏழரை. அவர் காணாமல் போயிருந்ததும் ஏழரை வருஷம்தான். சனியும் ஏழரையும் இப்படிப் பொருந்தி வந்து ஒரு நல்லது நடந்தது உலகத்திலேயே அந்த ஒரு முறைதான் இருக்கும். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய பாட்டு ஒலித்தது. வாசலுக்கு வந்தார், மண்டியிட்டார், கூட்டத்துக்குள் பாய்ந்தார். அப்புறம் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசினார். என் கண்ணில் தண்ணீர். இட்லித் தட்டோடு வந்த அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் சண்டையே ஆரம்பிக்கலையேடா, அதுக்குள்ள யாருக்கு அடி பட்டுச்சு?" என்றார். அம்மா கேட்ட அதே கேள்வியைத்தான் எதிரணியிடம் கேட்கிறேன். அன்று பங்க் ஒரு குத்து விடவில்லை, ஒரு தாவல் தாவவில்லை. போகும்போது கூட்டத்துக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவர் வித்தைக் கணக்கில் அன்று சுழியம். பிற்பாடு நடந்த சண்டை சச்சரவு, 2023-ல் நீக்கியது எல்லாம் எனக்கும் தெரியும். அந்தக் காலை நேரத்தை அதெல்லாம் அழித்துவிடவில்லை.

இப்போது நம்ம ஆள். ஆரஞ்ச் காசிடி.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அவரைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். கறுப்புக் கண்ணாடி, டெனிம் ஜாக்கெட், இரண்டு கையும் பேண்ட் பைக்குள். மணி அடித்த பிறகும் கையை எடுக்க மாட்டார். எதிராளியின் கணுக்காலை இடதால் ஒன்று, வலதால் ஒன்று, கொசு விரட்டுவதுபோல் உதைப்பார். "இதற்கா காசு கொடுத்தோம், மல்யுத்தத்தைக் கேலி செய்கிறார்கள்" என்று வித்தைப் பிரியர்கள் கொதித்தார்கள். டிரம்ப் கார்டில் இவர் வந்தால் எந்தக் கட்டத்தைச் சொன்னாலும் தோல்விதான்.

2022 அக்டோபரில் டொரண்டோவில் பாக் என்கிற இங்கிலாந்துக்காரரிடமிருந்து ஒரு பட்டத்தை வென்றார். பெல்ட்டை இடுப்பில் கட்டவில்லை, தோளில் போடவில்லை, முதுகுப் பையில் திணித்துக்கொண்டு டியூஷன் போகிற பையன் மாதிரி வருவார். அப்புறம் கிட்டத்தட்ட வாராவாரம் யாராவது ஒருவர் வந்து மோதுவார், இவர் தப்பிப்பார். 30 தடவைக்கு மேல் காப்பாற்றினார். இங்கேதான் கவனிக்க வேண்டும். போகப் போக அவர் உடம்பில் ஒட்டுப்போட்ட டேப் கூடிக்கொண்டே வந்தது. கையில், முதுகில் என்று ஏறிக்கொண்டே போனது. இவருடைய பெரிய ஆயுதம் ஆரஞ்ச் பஞ்ச் என்கிற குத்து, குத்துகிற அந்தக் கையே சுகமில்லை. யாரும் மைக் பிடித்து இதை விளக்கிச் சொல்லவில்லை. சோம்பேறி ஒருவன் ஒரு வேலையை மனசார ஏற்றுக்கொண்டால் அந்த வேலை அவனை எப்படித் தின்னும் என்பதை அந்த டேப் சொன்னது.

326 நாள் கழித்து, 2023 செப்டம்பர் 3, அதே சிகாகோ. ஆல் அவுட் நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம், ஜான் மாக்ஸ்லியோடு. ரத்தம் வழிந்த முகத்தோடு காசிடி தோற்றார். அரங்கம் எழுந்து நின்று அவருக்குக் கை தட்டியது. பைக்குள் கை விட்டுக்கொண்டு நடந்த மனிதருக்கு ஐயா! அன்று அவர் செய்ததில் எந்த வித்தையை வேறொருவர் செய்ய முடியாது? எல்லாவற்றையும் செய்ய முடியும். அந்த 326 நாளை மட்டும் கடன் வாங்க முடியாது.

அண்ணன் கேட்டாரே, கதைக்கு டபிள்யூடபிள்யூஇ போதாதா என்று. இதுதான் என் பதில். அங்கே பெரும்பாலும் மைக்கில் சொல்கிறார்கள், அறைக்குள் கேமரா வைத்துச் சொல்கிறார்கள், அதன் பிறகு சண்டை. அதிலும் நல்ல கதைகள் உண்டு, நானும் பார்க்கிறேன், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இங்கே நல்ல நாளில் சண்டையே பேசுகிறது. அந்தப் பேச்சு புரிய வேண்டுமானால் போன வருஷம் நடந்தது ரசிகனுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். ரசிகனின் ஞாபகத்தை நம்பிக் கடை நடத்துகிறார்கள்.

அது பொய்க்கும்போது என்ன ஆகிறது என்பதற்கு எதிரணியே எனக்கு ஆதாரம் கொடுத்தது. டைனமைட் என்கிற ஏஇடபிள்யூவின் வாராந்திர டிவி நிகழ்ச்சியை 2019 அக்டோபர் 2 அன்று முதல் வாரம் அமெரிக்காவில் 14 லட்சம் பேர் பார்த்தார்கள், பின்னால் பாதியாக விழுந்தது என்று கேலி செய்தார்கள். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எப்போது விழுந்தது? 2021-ல் 10 லட்சம் தாண்டிய வாரங்கள் இருந்தன. 2024-ல் வில் ஆஸ்ப்ரே வந்துவிட்டார், ஜப்பானிலிருந்து கசுச்சிகா ஒகாடா வந்துவிட்டார். வித்தைக் கணக்கில் கம்பெனி அவ்வளவு பணக்காரனாக இருந்ததே இல்லை. பார்வையாளர்கள் கூடியிருக்க வேண்டுமே? ஆட்கள் கேபிள் இணைப்பையே வெட்டிக்கொண்டு போனதற்கும் இதில் பங்கு உண்டு என்பது வேறு. ஆனால் பட்டங்கள் பெருகி, ஆட்கள் பெருகி, ஆரம்பித்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிய வாரங்கள் எத்தனை! தாவல் ரிங்குக்குள் இருந்தால் வித்தை. கதையில் இருந்தால் நான் சேனலை மாற்றிவிடுவேன்.

ஒமேகாவும் டேனியல்சனும் 2021 செப்டம்பரில் நியூயார்க் டென்னிஸ் மைதானத்தில் 30 நிமிடம் ஆடிய ஆட்டத்தைச் சொன்னீர்கள். வித்தையின் உச்சம், மறுக்க நான் யார்? ஒன்று மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். மணி அடித்தாயிற்று, இருவரும் இன்னும் தொட்டுக்கொள்ளவே இல்லை, எதிரெதிரே நிற்கிறார்கள். 20,000 பேருக்கு மேல் அதற்கே கத்துகிறார்கள்.

பழைய வீரர் ஸ்டிங் 2024 மார்ச் 3 அன்று, 64 வயசில், கடைசி ஆட்டத்தை எங்கே ஆடினார்? கிரீன்ஸ்பரோவில். 1988-ல் ரிக் பிளேரோடு 45 நிமிடம் சமன் செய்து பெயர் வாங்கிய அதே ஊர். ஊரைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதிக் கதை முடிந்தது. வீராங்கனை டோனி ஸ்டார்ம் பழைய ஹாலிவுட் நடிகையாக வந்தால் ஒளிபரப்பே கறுப்பு வெள்ளைக்கு மாறுகிறது. அதையெல்லாம் விரிக்க நேரமில்லை.

மணியைத் தூக்கிவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். ஒரே ஒரு நிமிடம்.

ஹேங்மேன் பேஜ் 2019 ஆகஸ்டில் முதல் உலகப் பட்டத்துக்கு மோதி, கிறிஸ் ஜெரிக்கோவிடம் தோற்றார். தன்மேல் நம்பிக்கை போய்விட்டது, கையில் பீர் கிளாஸ் வந்துவிட்டது. ஒமேகாவோடு ஜோடிப் பட்டம் வைத்திருந்தார். 2020 ஆகஸ்டில் யங் பக்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது, தன் சொந்தக் கூட்டாளிகளின் காலைப் பிடித்துக் கெடுத்தார். அவரை விரட்டினார்கள். அப்புறம் ஜோடிப் பட்டமும் போனது, ஒமேகாவும் போனார். அந்த ஒமேகா உலகச் சாம்பியன் ஆகிவிட்டார்.

2021 நவம்பர் 13, மினியாபொலிஸ். பேஜ், ஒமேகா, உலகப் பட்டம். யங் பக்ஸ் ரிங் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். கயிற்றுக்கு வெளியே விளிம்பில் பேஜ் நிற்கிறார். கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டு உள்ளே வந்து கையால் வெட்டுவதுதான் அவருடைய கடைசி அடி. ஆமாம் அண்ணே, குட்டிக்கரணம்தான், உங்கள் பக்கம்தான், வைத்துக்கொள்ளுங்கள். யங் பக்ஸில் ஒருவரான மேட் ஜாக்சன் பக்கத்திலேயே நிற்கிறார். கை நீட்டினால் கால் எட்டும். ஒரு வருஷத்துக்கு முன்னால் பேஜ் எந்தக் காலைப் பிடித்தார் என்பது அரங்கத்தில் அத்தனை பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. மேட் கையை நீட்டவில்லை. பேஜைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார்.

அந்தத் தலையசைப்பு என்ன வித்தை அண்ணே? டிரம்ப் கார்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள், உயரத்திலா, மார்பளவிலா...

சரி சரி, அடித்துவிட்டீர்கள். உட்கார்ந்துவிட்டேன் ஐயா.