விச் சொன்னது ஒன்று, ஓடியது வேறொன்று

வணக்கம் மக்களே! இன்றைக்கு நேராக டெர்மினல்தான், அதாவது கட்டளைகளை அடித்து ஓட்டும் ஜன்னல். நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 22.04-இல் இருப்பது பைத்தான் நிரல்மொழியின் 3.10 வெர்ஷன். எனக்கு 3.12 தேவைப்பட்டது. சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, கம்பைல் செய்து (ஓடும் புரோகிராமாக மாற்றி), மேக் இன்ஸ்டால் என்ற நிறுவும் கட்டளையைக் கொடுத்தேன். யூஎஸ்ஆர் லோக்கல் பின் (/usr/local/bin) என்ற ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது; பழைய 3.10 இருப்பது யூஎஸ்ஆர் பின்னில் (/usr/bin). பைத்தான்3 என்று அடித்து வெர்ஷன் கேட்டால் 3.10! முழு முகவரியோடு அடித்தால் 3.12. ஒரு கட்டளை எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் விச் (which) கட்டளையைக் கேட்டால் 'லோக்கல் பின்' என்கிறது. அப்படியென்றால் 3.12 தானே ஓட வேண்டும்? இரண்டு மணி நேரம் இதிலேயே போனது. இரண்டு மணி நேரம்!

கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலான பாத் (PATH) வரிசையில்தான் கோளாறு என்று நினைத்தேன். எக்கோ (echo) கட்டளையால் அதைத் திரையில் காட்டச் சொன்னால் எல்லா ஃபோல்டரும் முக்காற்புள்ளியோடு ஒட்டிக்கொண்டு ஒரே வரியில் வரும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எழுத்துகளை மாற்றிக் கொடுக்கும் டீஆர் (tr) கட்டளையிடம் கொடுத்து, முக்காற்புள்ளி வரும் இடமெல்லாம் வரியை உடைத்தேன். மேலே லோக்கல் பின், அதற்குக் கீழே யூஎஸ்ஆர் பின். ஷெல் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) மேலிருந்துதான் தேடும், முதலில் கிடைத்ததை எடுக்கும். ஆக, வரிசை சரி. ஆனால் நடுவில் ஒரு வெற்று வரி! இரண்டு முக்காற்புள்ளிகள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. வெற்று இடம் என்றால் 'இப்போது நிற்கும் ஃபோல்டர்' என்று அர்த்தம். அங்கே எவன் வைத்த ஃபைலும் கட்டளையாக ஓடலாம். உடனே எடுத்துவிட்டேன். உங்களுடையதையும் இன்றே பாருங்கள்.

சரி, பைத்தானுக்கு வருகிறேன். ஷெல் எதை ஓட்டும் என்று சொல்வது டைப் (type) கட்டளை; 'டைப் பைத்தான்3' என்று அடித்தேன். 'ஹேஷ்டு' (நினைவில் இருப்பது) என்று போட்டு, யூஎஸ்ஆர் பின் முகவரியைக் காட்டியது. அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது! என் ஷெல்லான பாஷ் ஒரு முறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த முறை தேடாது. விச் தனி புரோகிராம். அது பாத்தைப் புதிதாகத் தேடும்; ஷெல்லின் நினைவில் இருப்பது அதற்குத் தெரியாது. டைப் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் அதற்குத் தெரியும். அந்த நினைவை அழிக்கும் 'ஹேஷ் -ஆர்' (hash -r) அடித்தேன். 3.12! கை தட்டிவிட்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன், இன்ஸ்டால் செய்வதற்கு முன்பு அதே டெர்மினலில் ஒரு தடவை பைத்தானை ஓட்டியிருந்தேன். காலையில் திறந்த டெர்மினலை இரவு வரை மூட மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியுமே. புது டெர்மினல் திறந்திருந்தால் இது வந்தே இருக்காது.

இன்னொன்று. 'டைப் -ஏ' போட்டால் பாத்தில் உள்ள எல்லா பைத்தான்3-ஐயும் வரிசையாகக் காட்டும், ஆனால் இந்த ஹேஷ்டு முகவரியைக் காட்டாது. அதனால் முதலில் வெறும் டைப், அப்புறம் -ஏ.