விற்ற வீட்டுக்கு விளம்பரம் எதற்கு?

(வீடு, மனை முகவர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து அமர்ந்து எங்களையெல்லாம் வெட்கப்பட வைத்த சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஒரு மாதமாக அலைந்த செயலாளர் அவர்களே, கணக்கைக் கேட்டால் மட்டும் காது கேளாதவராகிவிடும் பொருளாளர் அவர்களே (சிரிக்கிறார், ஆகவே மன்னித்துவிட்டார்), முன்வரிசையில் இருக்கும் மூத்த முகவர்களே, பின்வரிசையில் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைய முகவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் எனக்குத் தூக்கம் வராது. நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர். ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள். அவர் நேரே சொத்து விவரத்துக்குப் போய் நான்கெல்லையைப் படிப்பார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்துதான் நான் தொழில் கற்றேன். "வாங்குகிறவரிடம் குறையை நீயே முதலில் சொல்லிவிடு, அவர் கண்டுபிடித்தால் விலை இருமடங்கு குறையும்" என்பார். இன்று அவர் தலைமையில் பேசுவது எனக்குப் பெருமை. அவருக்கு அது எப்படி இருக்கிறது என்பதைக் கூட்டம் முடிந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "இணையவழி விளம்பரமும் தொழில்துறைச் செய்திகளும்". நான்கு விஷயங்களைப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்கள்: படங்கள், வாடிக்கையாளருக்கு விரைவாகப் பதில் சொல்வது, தரகுத்தொகை பற்றிய வெளிநாட்டுச் செய்தி, விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்பது. நான்கையும் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் எங்கே தொடங்கினாலும் ஒரே பழமொழியில் போய் நிற்பேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகத் தொடங்கலாம்.

முதலில் தரகுச் செய்தி. நீங்கள் எல்லோரும் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் வீட்டை விற்பவர் கொடுக்கும் தரகுத்தொகையையே விற்பவரின் முகவரும் வாங்குபவரின் முகவரும் பங்கிட்டுக்கொள்வது நெடுங்கால வழக்கம். வாங்குபவரின் முகவருக்கு எவ்வளவு பங்கு என்பதை முகவர்கள் மட்டும் பார்க்கும் பொதுப்பட்டியலில் முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். இதனால் தரகு குறையாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது என்று வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபர் 31 அன்று மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் நடுவர் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு ஏறக்குறைய 180 கோடி டாலர். 2024 மார்ச்சில் அந்நாட்டின் தேசிய முகவர் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் முகவருக்கான பங்கைப் பொதுப்பட்டியலில் குறிப்பிடக்கூடாது. வாங்குபவருக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. "நீ எனக்கு என்ன செய்தாய், எதற்காக உனக்குப் பணம்?" என்று வாங்குகிறவர் நேருக்கு நேர் கேட்கப் போகிறார். அங்கே கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பதில், நாம் போடும் விளம்பரத்திலேயே இருக்கிறது. அந்த விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கே நம் மேல் நம்பிக்கை வரவில்லை.

அடுத்து படங்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை கேமராவின் கோணத்தை மாற்றிச் சின்ன அறையைப் பெரிய அறையாக்கினோம். இப்போது செயற்கை நுண்ணறிவு வெற்று அறையில் சோபா போடுகிறது, சுவரின் ஈரக்கறையை அழிக்கிறது, ஜன்னலுக்கு வெளியே இல்லாத தோட்டத்தை வளர்க்கிறது. கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. வீட்டு விளம்பரத்தில் அப்படி மாற்றிய படத்தைப் போட்டால், இது மாற்றப்பட்ட படம் என்று எழுத வேண்டும்; மாற்றாத மூலப் படத்தைப் பார்ப்பதற்கும் வழி கொடுக்க வேண்டும். வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. என்னைக் கேட்டால் நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சோபாவைப் போடுங்கள், கீழே "மாதிரி அலங்காரம்" என்று ஒரு வரியும் போடுங்கள். ஈரக்கறையை மட்டும் அழிக்காதீர்கள். முதல் மழைக்கு அது திரும்பி வரும், உங்கள் தொலைபேசி எண்ணைத் தேடிக்கொண்டு வரும்.

படத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த நீலக் கதவு நினைவுக்கு வருகிறது. தலைவர் அனுமதித்தால் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அனுமதிக்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. என்னிடம் ஒரு வீடு வந்தது. இரண்டு படுக்கையறை, முன்பக்கம் நீல வண்ணக் கதவு. காலை வெயிலில் அந்தக் கதவை ஒரு படம் எடுத்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. எல்லாத் தளங்களிலும் போட்டேன், வரைபடத்தில் இடத்தையும் குறித்தேன். ஒன்பதாவது நாள் முன்பணம் கைமாறியது. பதிவு முடிந்தது, தரகு வந்தது, எல்லாம் சுபம்.

விளம்பரத்தை மட்டும் நான் இறக்கவில்லை. மறதியால் அல்ல. மேடையில் நின்று பொய் சொல்லக்கூடாது. அந்தப் படத்துக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன, அதனால் இறக்கவில்லை. அழைப்பவர்களிடம் நான் என்ன சொல்வேன் என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் மனப்பாடம். "அந்த வீடு நேற்றுதான் முடிந்தது சார், ஆனால் அதைவிட நல்லதாக ஒன்று இருக்கிறது." பாருங்கள், பின்வரிசையிலிருந்து எனக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நான்கு மாதமாக அந்த வீடு எனக்கு நேற்றுதான் முடிந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியூரிலிருந்து ஒரு குடும்பம், கணவன், மனைவி, பத்து வயதுப் பெண். இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கிறார்கள். என்னை அழைக்கவில்லை. எதற்கு அழைக்க வேண்டும்? வரைபடத்தில்தான் நான் இடத்தைக் குறித்திருக்கிறேனே! நேரே போய் நீலக் கதவைத் தட்டினார்கள். வீட்டை வாங்கிய அம்மையார் கதவைத் திறந்தார். அந்தப் பெண் குழந்தை அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "இடதுபக்க அறைதான் என்னுடையது" என்றாள். படத்தைப் பார்த்து வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்த அம்மையார் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். பிறகு, அந்த நான்கு மாதத்தில் தன் வாசலுக்கு வந்தவர்களின் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் விடியற்காலையில் வந்து மணியடித்தாராம். ஒருவர் ஒன்றும் கேட்காமலேயே அளவு நாடாவை எடுத்துச் சுற்றுச்சுவரை அளந்தாராம். இன்னொருவர், "இந்த விலைக்கு வீடு அதிகம், ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா?" என்று உரிமையாளரிடமே ரகசியமாக விசாரித்தாராம்.

அன்று மாலையே அவர் வாசலில் ஒரு பலகை மாட்டினார். "இந்த வீடு விற்பனைக்கு அல்ல. விற்று நான்கு மாதம் ஆகிறது." அதற்குக் கீழே என் பெயர், என் எண், "இவரிடம் கேட்டுக்கொள்ளவும்". அதை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். நான் காசு கொடுத்து ஓட்டிய எந்த விளம்பரமும் அத்தனை கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அதில் என் பெயரில் ஒரு எழுத்துப்பிழை வேறு. எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த எழுத்துப்பிழைக்காகத்தான் என்றால் நம்புவீர்களா?

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என்னுடையது நான்கு மாதம் தாங்கியது, நான் பெரிய கெட்டிக்காரன்.

மறுநாள் அந்தக் குழந்தையின் தந்தை அழைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சார், உங்கள் பெயரில் இன்னும் ஏழு வீடுகள் இருப்பதாகக் காட்டுகிறது. அவற்றில் எது உண்மையில் இருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டு. ஏழில் இரண்டு! அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் வேறொரு முகவரிடம் வாங்கினார். அந்த முகவர் இப்போது இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நிற்க வேண்டாம், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கட்சி, ஒரே கொள்கை. முன்பணம் வாங்கிய அன்றே விளம்பரத்தை இறக்க வேண்டும். இந்தச் சங்கமே அதை விதியாக எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செயலாளர் சிரிக்கிறார், மூன்று கடிதமும் அவரிடம்தான் இருக்கின்றன.

இது என் தனிப்பட்ட கிறுக்கு என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் இல்லாத வீட்டைக் காட்டி ஆளை இழுக்கும் விளம்பரத்துக்கென்றே 'ஒதோரி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வேட்டையில் பழக்கிய பறவையைக் காட்டி மற்றப் பறவைகளைப் பிடிப்பார்களே, அந்தப் பறவைக்கான சொல் அது. பழந்தமிழில் அப்படிப்பட்ட விலங்குக்கும் பறவைக்கும் 'பார்வை' என்று பெயர். என் நீலக் கதவு ஒரு பார்வை. தென்கொரியாவில் 2020 ஆகஸ்ட் முதல், இல்லாத வீட்டை இருப்பதாக விளம்பரம் செய்யும் முகவருக்கு 50 லட்சம் வொன் வரை அபராதம் என்று சட்டமே வந்துவிட்டது.

இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் பத்தாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட திட்டங்களின் மனைகளையும் வீடுகளையும் விற்றுத் தருகிற முகவர், தான் தர உத்தேசிக்காத சேவைக்குப் பத்திரிகையிலோ வேறெங்கோ விளம்பரம் வர அனுமதிக்கக்கூடாது என்கிறது. விற்றுப்போன வீட்டைத் தர உங்களுக்கு உத்தேசம் உண்டா? நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சேர்ந்துகொண்டே போய்ச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை வரலாம். தரகைவிட அது பெரிய தொகை என்பதை நான் உங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தனி மனிதர்கள் ஒருவருக்கொருவர் விற்கும் பழைய வீடுகளுக்கு இந்தச் சட்டம் வராது என்று ஒரு நண்பர் இடைவேளையில் சொன்னார். சரிதான். ஆனால் சட்டம் வராத வீட்டுக்கு அந்தப் பலகை வருமே.

இறக்குவது எப்படி என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். ஒரு வீட்டை நாம் ஓரிடத்திலா போடுகிறோம்? நான்கு தளங்கள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், கூகுள் வணிகப் பக்கம், முப்பது வாட்ஸ்அப் குழுக்கள். எங்கெங்கே போட்டோம் என்று நமக்கே தெரியாது. நான் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு பக்கம். போடும்போதே எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதுவேன், முன்பண நாளன்று ஒவ்வொன்றாக அடிப்பேன். காசு கொடுத்து ஓட்டும் விளம்பரத்தை முதலில் நிறுத்துங்கள். விற்ற வீட்டுக்குத் தினமும் பணம் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் பெயரிலும் அந்தப் பலகையில் எழுத்துப்பிழை இருந்தது. ரீல்ஸை அழிக்க மனமில்லையா, மேலே "விற்கப்பட்டது" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அது உங்கள் திறமைக்கு அத்தாட்சியாக இருந்துவிட்டுப் போகட்டும். வாட்ஸ்அப்பில் போனது போனதுதான். அங்கே படத்தின் மேலேயே தேதியைப் பொறித்து அனுப்புங்கள், மறுபகிர்வில் எத்தனை கை மாறினாலும் தேதி கூடவே போகும்.

இன்னொன்று. 2025 அக்டோபரில் சாட்ஜிபிடியோடு பேசிக்கொண்டே ஜில்லோ என்ற அமெரிக்க வீட்டு விளம்பரத் தளத்தில் வீடு தேடும் வசதி வந்தது. இனி மனிதர்கள் நம் விளம்பரத்தைப் பார்க்குமுன் இயந்திரம் பார்க்கும். நாம் இறக்காத பழைய விளம்பரத்தை அது நம்பி, கேட்கிற ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்லும். மனிதனிடம் "நேற்றுதான் முடிந்தது" என்று சமாளிக்கலாம். இயந்திரத்திடம் யார் போய்ச் சமாளிப்பது? அதே ஜில்லோ, கணக்கீட்டை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கும் பிரிவை 2021 நவம்பரில் மூடியது. விலை எப்படிப் போகும் என்பதை நினைத்தபடி கணிக்க முடியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஊழியர்களில் கால்வாசிப் பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. இதைப் பற்றித் தனியாகவே ஒரு மணி நேரம் பேசலாம்.

பேச முடியாது. தலைவர் அவர்கள் மணியின் மேல் கை வைத்துவிட்டார். விரைவாகப் பதில் சொல்வது, விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன. இரண்டாவதைப் பற்றி ஒரே வரி: அமெரிக்காவில் வீட்டு விளம்பரத்தை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு பார்த்து ஆள் பிரித்துக் காட்ட முடியாதபடி 2019இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது, கூகுளும் அடுத்த ஆண்டு அந்த வழிக்கு வந்தது. மீதியைச் செயலாளர் அடுத்த கூட்டத்தில் வேறொருவருக்குக் கொடுக்கட்டும்.

முடிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. எல்லோரும் கைபேசியை எடுங்கள். பின்வரிசையில் ஏற்கெனவே எடுத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். உங்கள் பெயரைத் தேடி, விற்றுப்போன வீடு ஒன்றே ஒன்றை இப்போதே இறக்குங்கள், நான் காத்திருக்கிறேன். தலைவர் அவர்களே, மன்னிக்க வேண்டும், மணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். நேற்று இரவு தங்கள் பெயரையும் தேடிப் பார்த்தேன். மூன்று இருக்கின்றன. கடவுச்சொல் மறந்துபோயிருந்தால் சொல்லுங்கள், மேடையிலிருந்து இறங்கி நானே வந்து இறக்கித் தருகிறேன்.