நார்ஃபோக் தீவுக்காரர்கள் இனி யாருக்கு வாக்களிப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

பசிபிக் பெருங்கடலில், பிரிஸ்பேன் நகருக்குக் கிழக்கே 1,400 கிலோமீட்டருக்கும் அப்பால் நார்ஃபோக் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு 35 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 2,000 பேர். ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதி. இந்த 2,000 பேருக்கு 1979 முதல் 2015 வரை சொந்தமாக ஒரு சட்டமன்றம் இருந்தது. அந்தச் சட்டமன்றத் தேர்தல்களைப் பற்றியும், அவை நின்றுபோனதைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1789-இல் பவுன்டி என்ற பிரிட்டிஷ் கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். அவர்களில் சிலர் தாஹிட்டிப் பெண்களோடு பிட்கெர்ன் தீவுக்குப் போய்க் குடியேறினார்கள். அந்தக் குடும்பங்கள் பெருகி, இடம் போதாமல், 1856 ஜூன் 8 அன்று 194 பேராக நார்ஃபோக்கில் வந்து இறங்கின. அந்த நாளை இன்றும் தீவில் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். வரும்போதே தேர்தல் பழக்கத்தோடு வந்தவர்கள் இவர்கள். பிட்கெர்னில் 1838-இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை இருந்தது. உலகத்தின் பெரிய நாடுகள் பலவற்றில் பெண்கள் வாக்குச்சாவடிக்குள் நுழைய அதற்குப் பின் எழுபது எண்பது ஆண்டுகள் ஆயின.

சரி, 1979-க்கு வருவோம். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அந்த ஆண்டு நிறைவேற்றிய நார்ஃபோக் தீவுச் சட்டத்தின்படி, ஒன்பது உறுப்பினர் கொண்ட மன்றம் அமைந்தது. மொத்தத் தீவும் ஒரே தொகுதி. மூன்றாண்டுக்கு ஒரு தேர்தல். கட்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது. நிற்பவர்கள் பெரும்பாலும் சுயேச்சைகள். வாக்களிக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவருக்கும் ஒன்பது வாக்குகள். ஒன்பது பேருக்கு ஒவ்வொன்றாகவும் தரலாம். நம்பிக்கையானவருக்கு ஒன்றுக்கு மேலும் தரலாம். அதற்கு ஒரு வரம்பு உண்டு. கடைசித் தேர்தலில் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு.

எல்லாரும் எல்லாருக்கும் உறவு என்கிற ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தீவின் தொலைபேசிப் புத்தகத்தில் ஆட்களின் பட்டப்பெயரையும் அச்சிடுவார்கள். குடும்பப் பெயர்கள் அத்தனை ஒன்றுபோலிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு வாக்கைக் கொடுத்து, ‘அண்ணனா, மச்சானா, திறமையான பக்கத்து வீட்டுக்காரரா’ என்று கேட்டால் வீட்டுக்கு வீடு மனக்கசப்புதான் மிஞ்சும். ஒன்பது இருந்தால் உறவுக்கும் கொடுக்கலாம், தகுதிக்கும் கொடுக்கலாம். அப்புறம், சிறுபான்மைக் கருத்துள்ளவர்கள் தங்கள் வாக்குகளை ஓரிருவர் மேல் குவித்து, தங்கள் ஆளை உள்ளே அனுப்பவும் வழி இருந்தது.

அந்த மன்றத்துக்கு அதிகாரமும் இருந்தது. குடிவரவு, சுங்கம், தபால், மருத்துவமனை, முதியோர் உதவி எல்லாம் தீவின் பொறுப்பு. வருமான வரி கிடையாது. பிற்காலத்தில் 12 சதவீதப் பொருள் சேவை வரி போட்டார்கள். இவ்வளவு பொறுப்பை 2,000 பேரின் பணத்தில் நடத்துவது கடினம். வருமானம் பெரும்பாலும் சுற்றுலாவை நம்பியிருந்தது. சுற்றுலா சரிந்ததும் கஜானா காலியானது. 2010-இல் அன்றைய முதலமைச்சர் டேவிட் பஃபெட், ஆஸ்திரேலியா கைகொடுத்தால் வரியில்லாத நிலையை விட்டுக்கொடுக்கத் தயார் என்று அறிவித்தார். நேர்மையான அறிவிப்பு அது. வரி கட்டுகிறோம், உதவுங்கள் என்றுதான் கேட்டார்.

தலைநகர் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய அரசு அதோடு நிற்கவில்லை. 2015 மே மாதம் சட்டமன்றத்தையே கலைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே மே மாதம் 8-ஆம் தேதி தீவில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை வேண்டும், மாற்றம் செய்யுமுன் தங்களிடம் வாக்கெடுப்பில் கேட்க வேண்டும் என்று 68 சதவீதம் பேர் சொன்னார்கள். பயனில்லை. ஜூன் மாதம் மன்றம் மூடப்பட்டது.

இந்த இடத்தில் டோக்கலாவ் ஞாபகம் வராமல் இருக்காது. நியூசிலாந்தின் கீழுள்ள, நார்ஃபோக்கைவிடச் சிறிய பவளத் தீவுகள் அவை. அங்கே தன்னாட்சி வேண்டுமா என்று 2006-இலும் 2007-இலும் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாம் முறை 64 சதவீதம் கிடைத்தது. 16 வாக்குகள் குறைந்தன. நியூசிலாந்து அரசு தன்னாட்சியை விரும்பியிருந்தும், முடிவை ஏற்று நிலைமையை அப்படியே விட்டது. அங்கே 16 வாக்குக்குக் கிடைத்த மதிப்பு இங்கே 68 சதவீதத்துக்குக் கிடைக்கவில்லை. மக்கள்தொகை சிறியது என்பது இதற்குக் காரணமாக முடியாது.

மாற்றத்தால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2016 ஜூலை முதல் ஆஸ்திரேலிய மருத்துவக் காப்பீடும் சமூகநல உதவிகளும் தீவுக்கு வந்தன. வயதானவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அதே நாளில் வருமான வரியும் வந்தது, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சட்டங்களும் வந்தன. அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு நார்ஃபோக்காரர்கள் வாக்களிக்க முடியாது! 2022 முதல் பள்ளி, மருத்துவச் சேவைகளைக் குயின்ஸ்லாந்து மாநிலம் கவனிக்கிறது. அங்கேயும் வாக்கில்லை. கூட்டாட்சி நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு உண்டு. அதையும் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகரப் பகுதியின் பீன் தொகுதியில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தொகுதியின் லட்சத்துச் சொச்சம் வாக்காளர்களுக்கு நடுவே தீவின் சில நூறு வாக்குகள் எந்த வேட்பாளரின் கண்ணில் படும்?

சட்டமன்றத்துக்குப் பதிலாக 2016-இல் ஐந்து உறுப்பினர் கொண்ட வட்டார மன்றம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஊராட்சி அளவு அதிகாரம்தான். 2021-இல் பணச் சிக்கலில் அதுவும் இடைநிறுத்தப்பட்டு, விசாரணை நடந்து, உறுப்பினர்கள் நீக்கப்பட்டு, நியமிக்கப்பட்ட நிர்வாகி ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். இந்தச் சறுக்கலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால், தீவின் அரசியல்வாதிகளுக்கு நிர்வாகம் தெரியவில்லை என்றுதான் பழைய மன்றம் கலைக்கப்பட்டது. கான்பெராவே வடிவமைத்த மன்றமும் ஐந்தாண்டுக்குள் பணத்தில் தடுமாறியது என்றால், கோளாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் மட்டும் இல்லை. 2,000 பேரிடமிருந்து வசூலாகும் தொகையில் விமான ஓடுதளமும் மின்நிலையமும் சாலைகளும் பராமரிக்க முடியாது, யார் வந்தாலும்.

ஆகவே என் கருத்து இது. பணத்தையும் வாக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய செலவுகளைக் கான்பெரா ஏற்கட்டும். அதற்குத்தான் இப்போது தீவுக்காரர்கள் மற்ற ஆஸ்திரேலியர்களைப்போல வருமான வரி கட்டுகிறார்கள். யார் குடியேறலாம், நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம், பள்ளியில் தீவின் சொந்த மொழிக்கு எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் தீவிலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முடிவு செய்யட்டும். அதற்கு ஒன்பது இடங்களும், ஒருவருக்கு ஒன்பது வாக்குகளும் கொண்ட அந்தப் பழைய முறையே போதும். அதை நடத்தத் தெரிந்தவர்கள், அதில் நின்று வென்றவர்களும் தோற்றவர்களும், இன்னும் தீவில்தான் இருக்கிறார்கள்.

வணக்கம்.