பிள்ளையோடு நானும் படிக்கிறேன்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் பேசிய அக்காமாருக்கும், மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கும் வணக்கம்.

‘பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வளர்ப்பதில் தாய்க்கு மிஞ்சுவது சுமையா, மகிழ்ச்சியா?’ இதுதான் இன்றைய தலைப்பு. சுமைதான் என்று எதிரணி அக்கா ஒரு பட்டியலே போட்டார்கள். விடியுமுன் எழுந்து சோறு கட்டுவது, டியூஷன் காசு, கரண்ட் இல்லாத ராத்திரி, போனைக் கீழே வைக்காத பிள்ளை. இதில் ஒன்றைக்கூட நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நானும் நம் பர்மாவில், இந்த யாங்கோன் நகரில் ஐந்தாம் மாடியில் குடியிருந்து இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவள்தான். ஆனாலும் மகிழ்ச்சி என்ற பக்கம்தான் நிற்கிறேன்.

காலை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே ஃபெர்ரி வந்து ஹாரன் அடிக்கும். பள்ளி வேனை நாம் எல்லாரும் ஃபெர்ரி என்றுதானே சொல்கிறோம். வெள்ளைச் சட்டை, பச்சைப் பாவாடை, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, இப்படி மகள் இறங்கி ஓடிய பிறகுதான் சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருப்பது தெரியும். அப்புறம் என்ன, பால்கனிக் கயிறுதான். பேப்பரும் காய்கறியும் ஏற்றுகிற அதே கயிற்றின் கொக்கியில் டப்பாவை மாட்டி இறக்குவேன். ஒரு நாள் டப்பாவை எடுத்துக்கொண்டு, அவள் கொக்கியில் எதையோ மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினாள். இழுத்துப் பார்த்தால் கணக்குத் தேர்வுத் தாள். தேற 40 வேண்டும், அவள் வாங்கியது 38. கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். நேரில் காட்டப் பயந்து, இத்தனை நாள் பைக்குள் வைத்திருந்து, கயிற்றில் ஏற்றிவிட்டாள். ஐந்து மாடிக்குக் கீழே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டு இறக்கினேன். சாயந்திரம் இருவரும் உட்கார்ந்து அந்தப் பின்னக் கணக்கை மறுபடி போட்டோம். நான் நாலாம் வகுப்போடு நின்று கடைக்குப் போனவள். பின்னம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

என் பேச்சின் சாரமே இதுதான், நடுவர் அவர்களே. ஒரு தாய்க்கு இரண்டாவது முறை பள்ளிக்கூடம் கிடைப்பது பிள்ளை படிக்கும் இந்தச் சில வருடங்களில் மட்டும்தான்.

கரண்ட் கஷ்டம் உண்மை. நடுராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், விளக்குக்குச் சார்ஜ் போட வேண்டும், சோறும் வைக்க வேண்டும். டியூஷன் காசும் வருடா வருடம் ஏறுகிறது. ஆனால் அக்கா, பிள்ளையே இல்லாத வீட்டிலும் கரண்ட் போகிறதே. ஊர் நிலைமையையும் விலைவாசியையும் பிள்ளையின் கணக்கில் எழுதலாமா?

எதிரணியில் யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, “பள்ளிக்கு வரும்போது பொட்டு இல்லாம வாம்மா” என்றாள். வாசலில் நின்று எடுத்தேன். கரண்ட் இல்லாத எந்த ராத்திரியும் எனக்கு அப்படி வலித்ததில்லை. அடுத்த தீபாவளிக்கு வகுப்புத் தோழிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முறுக்கைத் தின்றுவிட்டு எங்களுக்கும் பொட்டு வை என்று அவளிடம் கேட்டார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் அவளே ஒட்டிவிட்டாள். கடைசியில் என்னிடம் வந்து, கோணலாக இருக்கிறது என்று என் பொட்டையும் சரிசெய்தாள்.

என் அம்மா பிறந்தது 1960-இல். பாட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அம்மாவுக்குப் பள்ளி வயது வந்தபோது 1965. அந்த வருடம்தான் தனியார் பள்ளிகளை அரசு எடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தின வருடமே கடைகளை எடுத்துக்கொண்டதால், நம் சொந்தபந்தம் கப்பல் கப்பலாக ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தமிழ் வாய்க்கு வந்தது, கண்ணுக்கு வரவில்லை. எனக்கும் அப்படியே.

மகளுக்கு ஆறு வயதானபோது, கோடை விடுமுறையில் கோயில் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். கூட்டிக்கொண்டு போனவள் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். “அம்மா, நம்ம ‘ப’வை உருட்டினா பர்மா ‘ப’ வருது!” எழுதிப் பார்த்தேன். நம்முடையது சதுரம், அவர்களுடையது உருண்டை, இரண்டும் மேலே திறந்திருக்கின்றன, சத்தமும் ஒன்று. ‘ய’வும் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டு எழுத்து முறைகளும் பழைய பிராமியில் இருந்து வந்தவை என்று ஆசிரியர் சொன்னார். பர்மிய மொழியில் க வரிசைக்கு ஐந்து எழுத்து, நம்மிடம் க, ங இரண்டுதான். “மீதி மூணு எங்கம்மா போச்சு?” என்று கேட்டாள். ஒரு வாரம் அந்தக் கேள்வியோடு வீட்டு வேலை செய்தேன். அப்படி ஒரு வாரம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

பாட்டியின் தகரப் பெட்டியில் கொஞ்சம் கடிதங்கள் உண்டு. 1964-இல் கப்பலேறிய அவருடைய அண்ணன் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதியவை. பாட்டி போன பிறகு வருடத்துக்கு ஒரு முறை தூசி தட்டி வைப்போம், அவ்வளவுதான். போன கோடையில் மகள் ஒன்றைப் பிரித்தாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க, அவள் தடுக்கிய இடத்தில் நான் படிக்க, என் அம்மா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் மழை இல்லை என்று எழுதியிருந்தது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது.

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். “என்ன கன்னு? காளையா, கிடாரியா?”

மகள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்து முதல் வரியிலேயே இருந்தது. கிடாரிக் கன்று.

நடுவர் ஐயா அவர்களே, நன்றி, வணக்கம்.