நாலு விரல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சின்ன வயதில் தப்புச் செய்தால் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று மிரட்டாத வீடு நம் பக்கத்தில் உண்டா? எங்கள் கிறிஸ்தவ வீட்டிலும் ‘இயேசப்பா அடிப்பார்’ என்பார்கள். அந்தப் பயத்தோடு வளர்ந்தவர்கள் பலர், பெரியவர்களான பிறகு கடவுளைவிட்டு விலகி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏதேனில் ஆதாமும் அதைத்தான் செய்தான்: பயந்து, மரங்களுக்குள் ஒளிந்துகொண்டான்.

அப்படியென்றால், ‘கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்’ என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகம் சொல்வது எந்தப் பயத்தை?

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீனாய் மலை புகைகிறது, இஸ்ரவேல் ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் நிற்கிறார்கள். அவர்களை நடத்திவந்த மோசே, ‘பயப்படாதிருங்கள்’ என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப்பற்றிய பயம் உங்கள் முன் இருக்கவேண்டும் என்கிறார். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல்தான். ஒளிய வைக்கும் பயத்தை விடச் சொல்லி, பாவத்தைத் தடுக்கும் பயத்தைக் கையில் கொடுக்கிறார்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ‘உனக்குக் கொஞ்சமாவது தெய்வ பயம் இருக்கா?’ என்று நாம் எப்போது கேட்கிறோம்? ஒருவன் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகாவிட்டால் கேட்பதில்லை. ஏழையை ஏமாற்றும்போது கேட்கிறோம். வேதமும் அந்த இடத்தில்தான் இந்த வார்த்தையை வைத்திருக்கிறது. செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன் தடுக்கல்லை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது லேவியராகமம் 19:14. செவிடனுக்குத் திட்டியது கேட்காது, குருடனுக்குக் கல் வைத்தவன் தெரியாது. கேட்கவும் பார்க்கவும் தேவன் ஒருவர்தான் இருக்கிறார்.

இந்த வசனத்தை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. எங்கள் அப்பத்தா கீழவாசல் பக்கம் மல்லிகைப்பூ விற்றார்கள். விடுமுறை நாட்களில் நானும் உடன் உட்காருவேன். என் கை சின்னக் கை. அதனால் நான் முழம் போடும்போது, முழங்கைக்கு மேலே நாலு விரல் கூட்டி அளக்கச் சொல்லியிருந்தார்கள். கண் தெரியாத பெரியவர் ஒருவர் தினமும் சாயங்காலம் தன் வீட்டம்மாவுக்குப் பூ வாங்க வருவார். ஒருநாள் அப்பத்தா டீ குடிக்கப் போயிருந்த நேரம், அந்த நாலு விரலை நான் விட்டுவிட்டேன். அவர் சரத்தைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்த அப்பத்தா நான் அளந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்திருந்தார்கள். அடிக்கவில்லை. முழுசாக ஒரு முழம் அளந்து நறுக்கி, வாழை இலையில் சுற்றி, “ஓடுய்யா, அவருகிட்ட குடுத்துட்டு வா” என்றார்கள். கூட்டத்துக்குள் ஓடிப்போய்க் கொடுத்தேன். உண்மையையும் சொன்னேன். பெரியவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

‘பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்’ என்று யோவான் எழுதியிருக்கிறாரே, பிறகு எதற்குப் பயம் என்று சபையில் பலர் கேட்பார்கள். யோவான் தள்ளச் சொல்வது தண்டனையை நினைத்து நடுங்கும் பயத்தை. ஆனால் 130ஆம் சங்கீதம் இன்னொன்றைச் சொல்கிறது: ‘உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு.’ தண்டனை உண்டு, ஆகையால் பயப்படு என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சங்கீதக்காரன் மன்னிப்பிலிருந்து பயம் பிறக்கிறது என்கிறான். வெகுகாலம் எனக்கு இது புரியாத வசனமாகவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பத்தா பழையபடி பூக்கூடையை என் முன்னால் நகர்த்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அந்தப் பெரியவர் வந்தார். சரத்தை எடுத்து முழங்கையில் வைத்தேன். கை நடுங்கியது. நாலு விரல் வைத்து அளந்தேன். சரியாக வைத்தேனா என்று மறுபடியும் ஒருமுறை அளந்து பார்த்தேன்.