பைசா கோபுரமும் பன்னிரண்டு முழ மரமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இயற்பியல் ஆசிரியர்களும் ப்ளஸ் டூ மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற கூட்டம் இது. ஆகவே கதையும் பேசலாம், கணக்கும் பேசலாம்.

கதை உங்களுக்குத் தெரியும். கலிலியோ பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் ஏறினார். கனமான குண்டு ஒன்றையும் லேசான குண்டு ஒன்றையும் போட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. கீழே நின்ற பேராசிரியர்கள் வாயடைத்துப் போனார்கள். இதை எழுதியவர் யார்? அவருடைய கடைசி மாணவர் வின்சென்சோ விவியானி. எழுதியது 1654இல், கலிலியோ இறந்து 12 ஆண்டுகள் கழித்து. கலிலியோ பைசாவில் கணிதம் கற்பித்தது 1589 முதல் 1592 வரை. விவியானி அப்போது பிறக்கவே இல்லை. அப்படி ஒரு பொது நிகழ்ச்சி நடந்ததாகக் கலிலியோ தம் நூல்களில் எங்குமே சொல்லவில்லை. பைசாவில் இருந்த காலத்தில் அவர் எழுதி, அச்சுக்குத் தராமல் வைத்திருந்த ஏட்டைப் பார்த்தால், விழும் வேகம் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது என்றுதான் அன்றைக்கு அவரே நம்பியிருக்கிறார்.

குண்டு போட்டுப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் சைமன் ஸ்டெவின் இரண்டு ஈயக் குண்டுகளை, ஒன்று மற்றொன்றைப் போல் பத்து மடங்கு எடை, சுமார் 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகை மேல் போட்டார். ஒரே சத்தமாகக் கேட்டது என்று 1586இல் அச்சிட்டும் விட்டார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இல்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

சரி, கோபுரக் கதையை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன்? உண்மையில் நடந்த பெரிய காரியத்தை அது மறைத்துவிடுகிறது, அதனால்தான். ஒரு கணக்குப் போடுங்கள். கோபுரத்தின் உயரம் சுமார் 56 மீட்டர். அதன் உச்சியிலிருந்து போட்ட குண்டு மூன்றரை வினாடிக்குள் தரைக்கு வந்துவிடும். அந்தக் காலத்தில் வினாடியை நம்பி அளக்க ஒரு கடிகாரம் கிடையாது. ஊசல் கடிகாரத்தை ஹைகென்ஸ் உருவாக்கியதே 1656இல்தான். மேலேயிருந்து போட்டால் இரண்டும் சேர்ந்து விழுகின்றனவா என்று பார்க்கலாம். எப்படி விழுகின்றன, வேகம் எப்படி ஏறுகிறது என்று பார்க்க முடியாது.

இங்கேதான் கலிலியோவின் மேதைமை தெரிகிறது. வேகமாக விழுவதை அளக்க முடியவில்லையா? விழுவதையே மெதுவாக்கிவிட்டார். பன்னிரண்டு முழ நீள மரம். அதில் விரலுக்குச் சற்றே அகலமான ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் வழவழப்பாக ஒட்டிய தோல்தாள். அதில் உருளும் உருண்டையான வெண்கலக் குண்டு. மரத்தின் ஒரு முனையைக் கொஞ்சம் உயர்த்திக் குண்டை விட்டார். நேரத்துக்கு என்ன செய்தார்? பெரிய பாத்திரத்தின் அடியிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் ஒழுகும். குண்டு உருளும் நேரம் முழுவதும் அதைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். தண்ணீரின் எடைதான் காலத்தின் அளவு! இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கிடைத்த விடை இது. முதல் நொடியில் குண்டு ஒரு பங்கு தூரம் போனால், அடுத்த நொடியில் மூன்று பங்கு, அதற்கடுத்து ஐந்து, பிறகு ஏழு. கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 4, 9, 16. கடந்த தூரம் காலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வெனிஸ் நகரத்து நண்பர் பாவ்லோ சார்ப்பிக்கு 1604இலேயே இந்த விதியைக் கடிதத்தில் எழுதிவிட்டார். ஆனால் அதற்கு அவர் அன்று சொன்ன காரணம் தவறு: வேகம் கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று நினைத்தார். காலத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று தெளிந்து, எல்லாவற்றையும் நூலாக்கி வெளியிட்டது 1638இல். இடையில் 34 ஆண்டுகள். அதற்குள் திருச்சபையின் விசாரணை, தண்டனை, வீட்டுச் சிறை, கண்பார்வையும் போய்விட்டது. புத்தகம் இத்தாலியில் அச்சேற வழியில்லாமல் ஹாலந்தின் லைடனில் அச்சானது.

அந்த நூலில் இன்னொரு வாதம் இருக்கிறது. மாணவர்கள் கவனியுங்கள். கனமான கல் வேகமாக விழும், லேசான கல் மெதுவாக விழும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். மெதுவான கல் வேகமானதை இழுத்துப் பிடிக்கும். ஆகவே வேகம் குறைய வேண்டும். ஆனால் சேர்த்துக் கட்டியது முன்னைவிடக் கனம். ஆகவே வேகம் கூட வேண்டும். இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும்? காற்றின் தடையையும் அவர் மறக்கவில்லை. நூறு முழ உயரத்திலிருந்து போட்டால் பெரிய குண்டு இரண்டு விரற்கடை முந்தும் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காற்றே இல்லாத நிலவில் 1971 ஆகஸ்ட் 2 அன்று விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் சேர்த்துப் போட்டு, இரண்டும் ஒன்றாக விழுந்ததை உலகமே பார்த்தது.

கோபுரத்தைச் சந்தேகித்தவர்கள் மரப்பள்ளத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒழுகும் தண்ணீரைக் கொண்டு இவ்வளவு துல்லியம் எப்படி வரும் என்று பிரெஞ்சு அறிஞர் அலெக்சாந்தர் கொய்ரே கடுமையாகக் கேட்டார். 1961இல் தாமஸ் செட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர், நூலில் உள்ள விவரத்தைப் பின்பற்றிக் கருவியை மீண்டும் செய்து பார்த்தார். எண்கள் சரியாக வந்தன. பிறகு 1970களில் அறிவியல் வரலாற்று ஆய்வாளர் ஸ்டில்மன் டிரேக், ஃபிளாரன்ஸில் பத்திரமாக இருந்த கலிலியோவின் கணக்குத் தாள்களில் அவர் கைப்பட எழுதிய அளவுகளையே கண்டெடுத்தார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு மீட்டர் அலுமினியப் பட்டி, ஒரு கோலிக்குண்டு, ஒரு குழாய் வைத்த வாளி, மளிகைக் கடைத் தராசு. இவை இருந்தால் போதும். கோபுரக் கதையைச் சொல்லும் அந்த வகுப்பில் இதைச் செய்ய வையுங்கள். பட்டியில் 1, 4, 9, 16 என்று கோடு போடுவது பிள்ளைகளின் கையாக இருக்கட்டும்.